சின்ன வீட்டுக்குப் போகுமுன்: எதை எடுத்துச் செல்வது, எதை விடுவது

பெரிய வீட்டைவிட்டுச் சின்ன வீட்டுக்கு மாறும் முதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள். ஒரு பொருளைக் கையில் எடுத்து, "இதை எறிந்துவிடலாமா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். அப்படிக் கேட்டால் மனசு சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: இருக்கட்டும், என்றைக்காவது உதவும். பல்லாயிரம் பொருளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டு முடிக்க யாராலும் ஆகாது. கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். புது வீட்டில் இருப்பது இவ்வளவு இடம். அதில் எதை வைத்துக்கொண்டு வாழப்போகிறேன்? வைத்துக்கொள்வதைப் பொறுக்கி எடுத்தால் மிச்சம் தானாகப் பிரிந்துவிடும். அதனால் இந்த வேலைக்கு முதலில் வேண்டியது அளவு நாடா. குப்பைப் பைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

முதலில் அளவு

புது வீட்டின் ஒவ்வொரு அறையையும் நீளம், அகலம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், மின்சாரப் பிளக் எங்கே என்பதும் வேண்டும். கட்டம்போட்ட தாளில் 1 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் என்று வரைந்தால் 4 மீட்டர் அறை 20 சென்டிமீட்டரில் அடங்கும். அதே அளவில் மேசை, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். 150-க்கு 200 கட்டில் என்றால் அட்டை ஏழரைக்குப் பத்து. அட்டைகளைத் தாளில் நகர்த்திப் பார்ப்பதில் ஒரு மணி நேரம் போகலாம். கனமான அலமாரியை ஏற்றிக்கொண்டுபோய், வாசலில் வைத்து யோசிப்பதைவிட அது மேல்.

இரண்டு அளவுகளில் விட்டுக்கொடுக்காதீர்கள். நடக்கும் வழி எங்கும் 90 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். இன்றைக்குத் தேவைப்படாவிட்டாலும் நாளைக்கு வாக்கர் பிடித்து நடக்க அது வேண்டும். சக்கர நாற்காலி முழுச் சுற்றுத் திரும்ப 150 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள காலி இடம் வேண்டும். கட்டிலுக்கு இறங்கும் பக்கமாவது அந்த 90-ஐ விடுங்கள். அட்டைகளை அடுக்கிப் பார்த்து வழி அடைபட்டால், அடைக்கிற பொருள் வரவேண்டியதில்லை. அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சரி. மாடிப்படித் திருப்பம், லிஃப்டின் உயரம், கதவின் அகலம் ஆகிய மூன்றையும் பெரிய பொருள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பலர் மறப்பது அலமாரிக் கணக்கு. தரைப் பரப்பு பாதியாகக் குறைந்தால் பொருளையும் பாதியாகக் குறைத்தால் போதும் என்று நினைப்பார்கள். ஆனால் சின்ன வீட்டில் பரணும் சாமான் அறையும்தான் முதலில் காணாமல் போகின்றன. ஆகவே இரண்டு வீட்டிலும் தட்டுகளின் நீளத்தை மீட்டரில் கூட்டுங்கள். பழைய வீட்டில் 42 மீட்டர், புதியதில் 14 என்று வந்தால், மூன்றில் ஒரு பங்குதான் கூட வரமுடியும். சமையலறைக்குத் தனியாக, துணிக்குத் தனியாக, புத்தகத்துக்குத் தனியாக இந்தக் கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பிறகு குடும்பத்துக்குள் வாக்குவாதம் வந்தால் அந்தத் தாளைப் பார்த்துப் பேசலாம்.

எவ்வளவு நாள், எந்த வரிசை

ஆறு மாதம் இருந்தால் நிதானமாக முடிக்கலாம். மூன்று மாதத்துக்குக் குறைந்தால் ஆள்துணை தேவைப்படும். ஒரு நேரத்தில் இரண்டு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நான்கு நாள், முடிந்தவரை காலையில். இரண்டு மணி நேரத்துக்குமேல் போனால் உடம்போடு தீர்மானிக்கும் சக்தியும் களைத்துவிடுகிறது. களைத்தவர் ஒன்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்வார், அல்லது வெறுத்துப்போய் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். இரண்டாவதைத்தான் பின்னால் நினைத்து வருந்துவார்கள்.

முதல் நாள் ஒரே ஒரு வேலை: முக்கியமான தாள்களையும் நகைகளையும் எடுத்து ஒரு பூட்டுள்ள பெட்டியில் வைப்பது. வீடு கலைந்து கிடக்கும்போது தொலைவது அவைதான். அதன்பிறகு மனசு ஒட்டாத இடங்களில் தொடங்குங்கள். குளியலறை, மருந்துப் பெட்டி, பிறகு சாமான் அறை, சமையலறை, துணி, கருவிகள், மேசை நாற்காலி, புத்தகம். தாள்கள் அதற்குப் பின். புகைப்படமும் கடிதமும் கடைசியில். ஆல்பத்தைத் திறந்து தொடங்கினவர்கள் அன்று முழுக்க அந்த ஆல்பத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்கள், அது இயல்பு. சின்னச் சின்ன முடிவுகளை எடுத்துப் பழகிய கைக்குத்தான் கஷ்டமான முடிவு பிடிபடும்.

பரணில் இருப்பதை இறக்க நீங்கள் ஏணியில் ஏறவேண்டாம். இளையவர் ஒருவர் இறக்கித் தரட்டும், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் வைத்துப் பிரியுங்கள். பூஞ்சை பிடித்த பெட்டியைத் திறக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள்.

பிரிப்பதற்கு ஐந்து குவியல் போதும்: கூட வருவது, இன்னாருக்கு என்று பெயர் எழுதியது, விற்பது அல்லது கொடுப்பது, அழிப்பது, முடிவாகாதது. ஒவ்வொரு குவியலுக்கும் வேறுவேறு நிற ஸ்டிக்கர் ஒட்டினால் உதவிக்கு வருபவர்கள் குழம்பமாட்டார்கள். கொடுக்க ஒதுக்கியவை அந்த வாரத்துக்குள் வீட்டைவிட்டுப் போயாகவேண்டும். வாசலில் பத்து நாள் கிடந்த பை மறுபடி உள்ளே வந்துவிடும். முடிவாகாததற்கு அறைக்கு ஒரு பெட்டி மட்டும். நிரம்பிவிட்டால் ஒன்றை எடுத்து முடிவுசெய்த பிறகுதான் இன்னொன்றை உள்ளே போடலாம். மூடி, நாடா ஒட்டி, தேதி எழுதுங்கள்.

எதையும் வெளியே அனுப்புமுன் சோதியுங்கள். சட்டைப் பை, கைப்பையின் உள்பை, புத்தகத்தின் நடுப்பக்கம், டின்களின் அடி, மேசை இழுப்பறையின் பின்பக்கம், சட்டமிட்ட படங்களின் முதுகு. வயதானவர்கள் பணமும் சாவியும் நகையும் பத்திரமும் வைத்துவிட்டு மறந்துபோகும் இடங்கள் இவை. புத்தகத்தை முதுகைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உதறினால் உள்ளே இருப்பது விழுந்துவிடும்.

சமையலறை

வீட்டில் மிக அதிகமாக இரட்டித்துக் கிடப்பது இங்கேதான். தினமும் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள், விருந்து வந்தால் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டு பேரும் நான்கு விருந்தினரும் என்றால் தட்டு, கிண்ணம், தம்ளர் எல்லாம் ஆறு ஆறு போதும். உடைவதற்காக இரண்டு கூடுதலாக வைக்கலாம். முப்பது பேருக்குச் சமைக்கும் பாத்திரம் இனி தேவைப்படும் அன்று வாடகைக்கோ இரவலாகவோ கிடைக்கும்.

பாத்திரத்தைக் காலியாகத் தூக்கிப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். வழக்கமாக ஊற்றும் அளவு தண்ணீர் ஊற்றி, அடுப்பிலிருந்து தொட்டிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். 5 லிட்டர் தண்ணீரே 5 கிலோ. அதோடு பாத்திரத்தின் எடையும் சேரும். மணிக்கட்டு நடுங்கினால் அந்தப் பாத்திரத்தின் காலம் முடிந்தது. கனமான வார்ப்பிரும்புச் சட்டி எவ்வளவு பழகியதாக இருந்தாலும் கொதிக்கும் எண்ணெயோடு கை நழுவினால் ஆபத்து. தோளுக்குமேல், முழங்காலுக்குக்கீழ் வைக்கவேண்டியவை என்று மிஞ்சினால், அவ்வளவும் அதிகப்படி என்று கொள்ளுங்கள். மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, மேல்பூச்சு உரிந்த ஒட்டாத சட்டி இவற்றுக்கு யோசனையே வேண்டாம்.

நாற்காலி, கட்டில், விரிப்பு

தோழமையான சோஃபாவைப் பிரிய மனம் வராது. ஆனால் முதுமையில் நாற்காலிக்கு ஒரே பரீட்சை, எழுந்திருக்க முடிகிறதா என்பது. இருக்கை உயரம் 45-லிருந்து 50 சென்டிமீட்டர், கைப்பிடி உறுதியாக, பாதம் இரண்டும் தரையில் படவேண்டும். உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலுக்குக் கீழே அமுங்குகிற சோஃபா முழங்காலுக்கும் இடுப்புக்கும் தண்டனை. கட்டிலுக்கும் அதே விதி. மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் தட்டையாகத் தரையைத் தொடவேண்டும். ஓரம் சுருண்ட சிறு விரிப்புகள் கால் தடுக்கும், அவை வரவேண்டாம். கண்ணாடி மேல்பலகையும் கூர்மையான மூலையும் கொண்ட தாழ்வான மேசையும் அப்படியே. இழுப்பறையுள்ள கட்டில், உள்ளே வைக்க இடமுள்ள முக்காலி போல இரண்டு வேலை செய்கிற பொருளுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

துணிக்கு எளிய வழி ஒன்று உண்டு. எல்லா ஹேங்கரையும் திருப்பி மாட்டுங்கள். உடுத்தித் துவைத்ததை மட்டும் நேராக மாட்டுங்கள். ஆறு மாதம் கழித்தும் திரும்பியே இருப்பதைக் கொடுத்துவிடலாம், விசேஷத்துக்கும் கடுங்குளிருக்கும் உரியவை நீங்கலாக. விரல் மூட்டு வலிப்பவர்கள் சின்னப் பொத்தான் துணிகளையும் முதுகுப்பக்கம் போடும் கொக்கிகளையும் அதோடு சேர்க்கலாம்.

அப்படியே குப்பையில் போடக்கூடாதவை

காலாவதியான மருந்தைக் கழிவறையிலோ கழுவும் தொட்டியிலோ கொட்டாதீர்கள். திரும்பப் பெறும் மருந்துக்கடை இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லாவிட்டால் மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய காபித் தூளிலோ மண்ணிலோ கலந்து, மூடிய பையில் கட்டிக் குப்பையில் போடலாம். குழந்தையோ நாயோ எடுத்து வாயில் போடக்கூடாது என்பதற்குத்தான் அந்தக் கலவை. சிலவகை மருந்துகளின் உறையில் அகற்றும் முறையே அச்சிட்டிருக்கும். அப்படியிருந்தால் அதன்படி செய்யுங்கள். டப்பாவில் உங்கள் பெயர் இருந்தால் கிழித்துவிடுங்கள். பாதரச வெப்பமானி, சி.எஃப்.எல். எனும் சுருள் விளக்கு, குழல் விளக்கு, பூச்சிமருந்து, பெயின்ட், எரிவாயுக் குப்பி ஆகியவற்றை உள்ளாட்சியின் அபாயக் கழிவுச் சேகரிப்பில் சேர்க்கவேண்டும். லித்தியம் பேட்டரியின் முனைகளில் நாடா ஒட்டி மின்கழிவில் கொடுங்கள். நசுங்கினால் அது தீப்பிடிக்கும்.

பழைய கைபேசியையும் கணினியையும் கொடுக்குமுன் கணக்குகளிலிருந்து வெளியேறி, ஆலை நிலைக்கு மீட்டமையுங்கள் (ஃபேக்டரி ரீசெட்). கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது, அவற்றை மீட்க முடியும். வங்கிக்கான ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) எந்த எண்ணுக்கு வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சிம்மைக் கைவிடவேண்டும். இதை மறந்தால் பிறகு பல நாள் அலைச்சல்.

தாள்கள்

மூலப் பத்திரமாகவே வைத்திருக்கவேண்டியவை: பிறப்பு, திருமணம், மரணச் சான்றுகள், சொத்துப் பத்திரம், உயில், ஓய்வூதிய ஆணை, நடப்பிலுள்ள காப்பீடு, கடவுச்சீட்டு, அதிகாரப் பத்திரம், அறுவை சிகிச்சைக் குறிப்புகள், ஒவ்வாமை மற்றும் மருந்துப் பட்டியல். வரித் தாள்களை உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் ஆண்டுகள்வரை வையுங்கள். வீடு, நிலம் வாங்கிய செலவுக்கான ரசீது, அதை விற்று வரிக் கணக்கு முடியும்வரை வேண்டும், ஏனென்றால் லாபத்துக்கான வரி அதைவைத்தே கணக்கிடப்படும். வீட்டில் இல்லாத இயந்திரத்தின் கையேடு, மூடப்பட்ட கணக்கின் பழைய சீட்டு, கட்டிமுடித்த மின்கட்டண ரசீது எல்லாம் போகலாம். பெயரும் கணக்கு எண்ணும் உள்ளதைக் கையால் இரண்டாகக் கிழிப்பது போதாது. குறுக்காகவும் வெட்டும் இயந்திரத்தில் போடுங்கள். மிச்சமானவற்றுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி, எது எந்த உறையில் என்று நம்பிக்கைக்குரிய ஒருவருக்குச் சொல்லிவையுங்கள்.

புகைப்படங்கள், கடிதங்கள்

இதற்கு மட்டும் நேரம் தாராளமாக ஒதுக்குங்கள். முதல் சுற்றில் எளியவற்றைக் கழியுங்கள்: மங்கியது, ஒரே காட்சியின் நான்கு பிரதி, ஆள் யாரும் இல்லாத மலையும் கடலும். இரண்டாம் சுற்றில் ஒரு நிகழ்ச்சிக்கு மூன்றிலிருந்து ஐந்து படம். கழித்ததை எறிவதைவிட, அதில் இருப்பவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.

வைத்துக்கொள்ளும் படங்களில் இருப்பவர்களின் பெயரை எழுதுங்கள். பெயர் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்ற நிலை பல படங்களுக்கு வந்திருக்கும். பின்பக்கம் ஓரத்தில் மென்மையான பென்சிலால் லேசாக எழுதவேண்டும். பந்துமுனைப் பேனா அழுத்தினால் முன்பக்கம் வரி தெரியும். மை அடுத்த படத்தில் ஒட்டும். பசையிட்ட தாளில் ஒட்டவைக்கும் ஆல்பங்களிலிருந்து படங்களைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள், அந்தப் பசை படத்தைக் கெடுக்கும். வராவிட்டால் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் நுழைத்து மெல்ல அறுத்தெடுங்கள். இழுத்தால் கிழியும். பி.வி.சி. உறை வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை நல்லது.

ஸ்கேன் செய்வதானால் சாதாரண அளவுப் படத்துக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) போதும், சின்னப் படத்தைப் பெரிதாக்க நினைத்தால் 600, ஃபிலிமுக்கு 2400-க்குக் குறையக்கூடாது. பிரதி மூன்று, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு வீட்டில். வீடியோ கேசட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வி.எச்.எஸ். ரெக்கார்டரைக் கடைசிவரை தயாரித்த ஃபூனாய் நிறுவனம் 2016-ல் அதை நிறுத்திவிட்டது. நாடாவும் தேய்ந்துகொண்டே வருகிறது. டிஜிட்டலாக மாற்றிய பிறகு ஓட்டிப் பார்த்து, ஒலியும் வருகிறதா என்று கேட்டபின்தான் கேசட்டை விடவேண்டும்.

கடிதங்களில் மற்றவர்களின் அந்தரங்கமும் இருக்கும். பிள்ளைகள் படிக்கவேண்டாம் என்று நினைப்பதை உங்கள் கையாலேயே அழித்துவிடுங்கள். அது உங்கள் உரிமை, அதற்கு யாருக்கும் காரணம் சொல்லவேண்டியதில்லை. மனசுக்குப் பிடித்த நினைவுப் பொருள்களுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி, காலணிப் பெட்டி இரண்டு அளவுக்கு. பெரிய பொருளாக இருந்தால் படம் எடுத்து, அதைப் பற்றி நான்கு வரி எழுதிவைத்துப் பொருளை விடலாம். தாயின் பன்னிரண்டு தட்டுகளில் ஒன்றை வைத்துத் தினமும் அதில் சாப்பிடுங்கள். பதினொன்றைப் பெட்டியில் பூட்டிவைப்பதைவிட அது அவரை அதிகம் நினைக்கவைக்கும்.

பிள்ளைகளும் பங்கும்

"இதை உனக்காகத்தான் வைத்திருக்கிறேன்" என்று சொல்லுமுன் கேளுங்கள். வேண்டாம் என்று பதில் வந்தால் அது உங்களை வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. அவர்கள் வீட்டிலும் இடம் இல்லை, அவ்வளவுதான். வளர்ந்த பிள்ளைகள் விட்டுச்சென்ற பெட்டிகளுக்கு ஒரு தேதி கொடுத்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

பலர் ஒன்றையே விரும்பினால் இப்படிச் செய்யலாம். பொருள்களுக்கு எண் ஒட்டி, படம் எடுத்து எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவுசெய்து, ஆளுக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டாம் சுற்றில் வரிசை கீழிருந்து மேலாகத் திரும்பும். கடைசியில் வந்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பதால் மனத்தாங்கல் குறையும். பணமதிப்பு அதிகமுள்ளவற்றை இந்த ஆட்டத்தில் சேர்க்காமல், மதிப்பிட்டு உயிலிலோ எழுத்திலோ தெளிவாக்குங்கள். முடிந்ததை உங்கள் கையாலேயே, உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

வாழ்க்கைத் துணையின் பொருளை அவர் இல்லாத நேரத்தில் கழிக்காதீர்கள். ஆளுக்குச் சமமான தட்டு நீளத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் உள்ளே என்ன என்பது அவரவர் விருப்பம். துணையை இழந்து சில வாரங்களே ஆனவர்களை, வீடு மாறும் கட்டாயம் இல்லாவிட்டால், அவசரப்படுத்தவேண்டாம். மறதிநோய் உள்ளவருக்குத் தேர்வை இரண்டாகச் சுருக்குங்கள்: இந்தப் போர்வையா, அந்தப் போர்வையா? படுக்கைக்குப் பக்கத்தில் விளக்கு, கடிகாரம், படம் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையைப் புது அறையிலும் அமையுங்கள். இருட்டில் கை தேடும்போது பழைய இடத்திலேயே கிடைக்கவேண்டும்.

நடக்கக்கூட வழி இல்லாதபடி பொருள் நிறைந்திருந்து, எதைத் தொட்டாலும் அவர் தாங்கமுடியாமல் துடித்தால், அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். பொருளை விடமுடியாமல் குவித்துவைக்கும் மிகைச் சேமிப்பு தனி மனநலக் கோளாறு என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் 2013-லேயே சேர்க்கப்பட்டது. ஆள் இல்லாதபோது வீட்டைக் காலி செய்தால் நிலைமை மோசமாகும், மருத்துவ உதவியோடு மெதுவாகச் செய்யவேண்டும்.

விலையும் வாடகைக் கிடங்கும்

விற்பதில் ஏமாற்றம் வருவதற்கு ஒரு காரணம் நம் மனத்தில் இருக்கிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேர் கையில் ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள். அவர்கள் கேட்டது, வாங்குபவர்கள் தர முன்வந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே அப்படி என்றால், முப்பது வருடம் கூட இருந்த மேசைக்கு எப்படி இருக்கும்! விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். மதிப்பிடுபவரே வாங்குபவராகவும் இருந்தால் அவர் சொல்லும் விலையை மட்டும் நம்பாதீர்கள். மூன்று வாரத்தில் போகாததைக் கொடுத்துவிடுங்கள்.

வாடகைக் கிடங்கில் போடலாம் என்ற யோசனை வரும். ஒரு வருட வாடகையையும், அந்தப் பொருள்களைத் திரும்ப வாங்க ஆகும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முடிவு தேதி இல்லாமல் ஒருபோதும் எடுக்காதீர்கள்.

கட்டும்போதும் அதற்குப் பிறகும்

பெட்டி 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டிதான். பெட்டியின் பக்கவாட்டில் புது வீட்டின் அறைப் பெயரை எழுதுங்கள். மேலே எழுதினால் அடுக்கியபின் தெரியாது. முதல் நாளுக்கு ஒரு தனிப் பெட்டி: ஒரு வார மருந்து, மூக்குக்கண்ணாடி, காதுக் கருவியும் அதன் பேட்டரியும், மின்னேற்றி, இரவு விளக்கு, மாற்றுடை, துண்டு, கத்தரிக்கோல், முக்கியத் தாள்கள். அது லாரியில் போகக்கூடாது, உங்களோடு வரவேண்டும்.

குடியேறியபின் ஒரு நோட்டை வைத்து, தேடி இல்லாமல்போன பொருளை மட்டும் எழுதிவாருங்கள். முடிவாகாத பெட்டிகளை ஆறு மாதம் கழித்து அந்த நோட்டோடு வைத்துப் பிரியுங்கள். நோட்டில் பெயர் உள்ளவை அலமாரிக்குப் போகட்டும். மற்றவற்றில் தாளோ பணமோ இருக்கிறதா என்று ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே கொடுக்க அனுப்பிவிடுங்கள்.